குழாய் வாடை

சுபாஷினி காரை நிறுத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே மிஞ்சியிருந்த பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், கடைசி வீட்டில் மட்டும்தான் ஆள் இருந்தது. பொழுது சாயவில்லை. ஆனாலும் உள்ளே இருட்டு.

"வாங்க அக்கா, உட்காருங்க. இவ்வளவு தூரம் எதுக்கு?" என்றாள் தினேஸ்வரி.

குறைமாதத்தில் பிறந்த அவள் ஆண் பிள்ளை ஈப்போ மருத்துவமனையொன்றில் இறந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. மலேசியாவில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பத்துச் சுபாஷினி அங்கே தலைமை மருந்தாளர். துக்கம் கேட்க வந்ததாகச் சொன்னாள். சொல்ல வந்தது வேறு.

பிள்ளைக்கு ஊட்டமாக நரம்பில் ஏற்றிய பால்வெள்ளைக் கொழுப்பு மருந்து, சாதாரண பிளாஸ்டிக் குழாயை மென்மையாக்கும் நச்சு ரசாயனத்தைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அதற்கென்று தனிக் குழாய் உண்டு. அது வந்து சேரவில்லை. 'இப்போதைக்கு இதுவே போதும்' என்று ஒப்புக்கொண்டது சுபாஷினி. பிள்ளை அதனால்தான் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. "குழாய் நாறுதே அக்கா" என்று அன்று கேட்ட தாயைப் பார்த்து அவள் சிரித்திருந்தாள்.

தினேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "அதே வாடை இங்கயும் வருது அக்கா. தொட்டில்கிட்ட. வீட்டுக்காரரு எனக்குப் பைத்தியம்னு சொல்றாரு லா. உங்களுக்கு வருதா?"

வந்தது.

உறை பிரித்த புது மழைக்கோட்டின் வாடை. அதற்கடியில் புளித்த பால்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றாள் சுபாஷினி.

காலித் தொட்டில் மெல்ல அசைந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. வாடை தடித்து, நாக்கில் எண்ணெயாய்ப் படிந்தது.

சொட்டு.

கூரை ஒழுகவில்லை.

சொட்டு.

மடியில் கிடந்த சுபாஷினியின் சுண்டுவிரலை ஏதோ பற்றியது. ஈரமாய், சில்லென்று. நெல்லிக்காய் அளவுகூட இல்லாத பிடி.

அவளுக்கு அலறத் தோன்றவில்லை. தலையை நிமிர்த்தத்தான் முடியவில்லை.

"வருது," என்றாள். "வாடை வருது, தினேஸ்வரி. அது ஏத்தக்கூடாத குழாய். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டனான்."

தினேஸ்வரி திட்டவில்லை, அழவும் இல்லை.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றாள். "இத எங்க சொல்லணுமோ, அங்கயும் போய் சொல்லுங்க."

சுபாஷினி தலையசைத்துவிட்டு எழுந்தாள். விரலைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. ஆனால் வாசல்வரை வந்த தினேஸ்வரியின் கண் அந்தக் கையிலேயே இருந்தது.

"விட்டுட்டானா அக்கா?"

சுபாஷினி கையை மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"இல்லை."