உப்புப் பொருக்கின் மேல் மூன்று வண்டி

“என் டயர் தடத்த விட்டு ஒரு சாண்கூட விலகக் கூடாது. விலகுனா நான் பொறுப்பில்ல!” என்றான் ஜெகபர்.

சொன்ன இடம் அவனுடைய பைக் பட்டறை. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் இன்னாசி, மீன் வேன் ஓட்டுகிறவன். இன்னொருத்தி தையல்நாயகி, கணக்கு டீச்சர். லீவு கிடைத்தால் மூவரும் ஆளுக்கொரு பைக்கில் காடு மலை என்று கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, கடற்கரைச் சதுப்பைக் குறுக்கே கடந்து, நடுவில் இடிந்து கிடக்கும் உப்புச் சாவடிக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முந்தின சனிக்கிழமையே மூவரும் போய்ப் பாதை பார்த்து வருவதென்று முடிவானது.

சாவடியில் புதையல் இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. எந்தச் சுவர் இடிந்தாலும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நம்ப வேண்டியதில்லை.

ஜெகபர் போனில் படத்தைக் காட்டினான். “பாரு, சிமெண்டு போட்டாப்ல வெள்ளையா கெடக்கு. எட்டே கிலோமீட்டர்!”

“மேல வெள்ளையா இருக்கு. கீழ என்ன இருக்குன்னு ஒன் போனு சொல்லுதா?” என்றான் இன்னாசி.

“பயமா இருந்தா வேன்லயே கெட மாப்ள. நெத்திலிகிட்ட பேசிக்கிட்டு இரு.”

தையல்நாயகி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு இன்னாசி வராமல் இருப்பானா? கேலிக்குப் பயந்து வந்தான். சாகப் போகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப் போகிறவர்கள்தான்.

சனிக்கிழமை மதியம் சதுப்பில் இறங்கினார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. மரம் இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கை இல்லை. உப்புப் பொருக்கு டயருக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. முதலில் ஜெகபர். அவன் தடத்திலேயே தையல்நாயகி. அவள் தடத்திலேயே கடைசியாக இன்னாசி, தன் பழைய கனத்த வண்டியில்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்கள்.

“சடக்!”

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். இன்னாசியின் முன்சக்கரத்தைக் காணோம்! வண்டி தலைகுப்புறச் செருகி நின்றது. அவன் பக்கத்தில் குதித்தான். குதித்த இடமும் உடைந்தது. கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். தொடை வரை போனான். காலை உருவப் பார்த்தான். இடுப்பு வரை போனான்.

“ஜெகபரு! உள்ள இழுக்குதுடா!”

ஜெகபர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். பத்தடி வருவதற்குள் அவன் காலுக்கடியிலும் பொருக்கு விரிசல் விட்டது.

“அண்ணே, நில்லுங்க! தடத்துல வராதீங்க!” தையல்நாயகி கத்தினாள். “நீங்க போனப்ப கீறல் விட்டுச்சு. நான் அதுமேலயே வந்தேன். அவரு வந்தப்ப ஒடஞ்சிருச்சு!”

ஜெகபருக்கு முகம் செத்துப்போனது. மலையில் முன்னால் போனவன் தடம்தான் உயிர். அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். உப்புக்கு அது தெரியுமா?

அந்த நேரம் பார்த்துக் காற்று மாறியது. கிழக்கேயிருந்து குளிர்ந்த கொண்டல் அடித்தது. அது அடித்தால் கடல் தண்ணீர் சதுப்புக்குள் ஏறும். தூரத்தில் வெள்ளைத் தரை மேல் ஒரு கோடு பளபளத்தது. கோடு கிட்டே வந்தது.

“எவ்வளவுண்ணே ஏறும்?”

“முட்டளவுதான்.”

“முட்டளவு ஒங்களுக்குடா! நான் பாதி உள்ள இருக்கேனே!” இன்னாசி அழுதான். “மாதாவே! எம் பொண்டாட்டிகிட்ட பாய்க்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்டா...”

“அழுவாத மாப்ள. அந்தப் பொய்க்கு அவ கையால சாவணும், இங்க சாவக் கூடாது,” என்றான் ஜெகபர்.

தையல்நாயகி தன் வண்டியின் மேலிருந்த தார்ப்பாயை உருவினாள். தடத்தை விட்டுத் தள்ளி, உடையாத பொருக்கின் மேல் விரித்தாள். இருவரும் குப்புறப் படுத்து, பல்லி மாதிரி நகர்ந்து போனார்கள். அடியில் பொருக்கு முனகியது. ஜெகபர் நண்பனின் அக்குளைப் பிடித்து இழுத்தான்.

“ஐயோ, இடுப்பு கழலுது, விடுடா!”

ஓர் அங்குலம்கூட அசையவில்லை. தண்ணீர் வந்துவிட்டது. முதலில் இன்னாசியின் இடுப்பைச் சுற்றியது. பிறகு வயிறு. தையல்நாயகி யோசித்தாள். சேறு காலைப் பிடித்து வைத்திருக்கவில்லை. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் கால்தான் ஒட்டிக் கிடக்கிறது.

“அண்ணே, டயருக்குக் காத்தடிக்கிற பம்பு எங்க?”

ஜெகபர் ஊர்ந்து போய்த் தன் வண்டியிலிருந்து எடுத்து வந்தான். பம்பின் ரப்பர்க் குழாயை இன்னாசியின் தொடையை ஒட்டிச் சேற்றுக்குள் செருகி, கை போகிற மட்டும் தள்ளினாள். ஜெகபர் படுத்தபடியே அடித்தான். ஒன்று... பத்து... இருபது... தண்ணீர் நெஞ்சைத் தொட்டது.

கொப்! கொப்! சேறு கொப்புளித்தது.

“வலது கால் லேசா அசையுது!”

“மல்லாக்கச் சாய்ங்க! உதைக்காதீங்க, மெல்ல ஆட்டுங்க!”

பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டு வலது கால் வந்தது. இடது காலுக்கு இன்னும் அறுபது அடி அடித்தான் ஜெகபர். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. தண்ணீர் இன்னாசியின் காதை நனைத்தபோது அந்தக் காலும் விட்டது. இருவரும் அவனைத் தார்ப்பாய் மேல் உருட்டி இழுத்தார்கள்.

அவன் வண்டி அவர்கள் கண் முன்னாலேயே முழுகியது. போனது போனதுதான்.

முன்னால் நின்ற மற்ற இரண்டு வண்டியையும் எடுத்தார்கள். ஆனால் இன்னாசி ஏறவில்லை. வெறுங்காலோடு முன்னால் நடந்தான். ஒவ்வோர் அடியிலும் தரையை மிதித்துப் பார்த்தான். வடக்கே கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேலே தலை நீட்டி, உமரிச் செடி சிவப்பாகப் படர்ந்திருந்தது. அதன் மேல் நின்று மிதித்தான். உடையவில்லை. குதித்துப் பார்த்தான். உடையவில்லை!

“செடி உள்ள எடந்தான் கெட்டி. இப்புடியே வாங்க. ஒருத்தன் பின்னால ஒருத்தன் வராதீங்க, தள்ளித் தள்ளி வாங்க.”

இரண்டு மணி நேரத்தில் கரை ஏறினார்கள்.

மறுநாள் ஞாயிறு, பன்னிரண்டு பேரும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். ஜெகபர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். பிறகு தன் வண்டிச் சாவியை இன்னாசி கையில் கொடுத்துப் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

“இவந்தான் இன்னிக்கு முன்னால போவான்,” என்றான். “நம்மள்ல ஒழுங்காப் பயப்படத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்.”

காலையிலேயே, கொண்டல் எழும்புமுன், உமரி மேலேயே சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டு கிலோமீட்டர் பதினேழானது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இன்னாசி இறங்கி மிதித்துப் பார்த்தான். ஆமை வேகம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஜெகபர் திரும்பி முறைத்ததும் பேச்சு நின்றது.

சாவடியில் புதையல் எதுவும் இல்லை. வௌவால் புழுக்கைதான் இருந்தது. போனது பதினைந்து பேர். கரையில் நின்று தையல்நாயகி இரண்டு தடவை எண்ணினாள். திரும்பியது பதினைந்து பேர்.