காலி வண்டியின் பாரம்

காலி வண்டிதான்; ஆனாலும் பாரம் ஏற்றியது போலத் தாழ்ந்து நின்றது.

அதை முதலில் கண்டவர் மெக்கானிக் அப்துல் கையூம். மதராஸில் ஏலத்தில் எடுத்து, இன்னொரு லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த பழைய ராணுவ ஆம்புலன்ஸ் அது. நத்தம் சாலையோரத்துப் புகையிலைக் கிட்டங்கியின் வாசலில் மாலை வெயிலில் நின்றிருந்தது. கையூம் குனிந்து பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் வில்பட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"சுபேதாரய்யா, எஞ்சினைக் கழட்டிட்டுத்தானே ஏலம் விட்டான்? உள்ள ஒரு துரும்பும் இல்லேங்குறீங்க. அப்புறம் பட்டை ஏன் இப்புடிப் படுத்துக் கிடக்கு?"

"இருபது வருசத்து இரும்பு. சோந்து போயிருக்கும்."

"இரும்பு சோந்தா எல்லாப் பக்கமும்ல சோரும்? இது கதவுப் பக்கம் மட்டும் எறங்கியிருக்கு. யாரோ கதவை ஒட்டி உக்காந்திருக்காப்ல."

கையூம் சிரித்தார். சுபேதார் பொன்னுத்துரை சிரிக்கவில்லை.

பாட்டன் காலத்திலிருந்து பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த குடும்பம் அவருடையது. அதில் ஒருவனும் முதுகு காட்டி ஓடியதில்லை என்பது ஊரறிந்த பேச்சு. ஓய்வு பெற்றதும் குடும்பத்துக் கிட்டங்கியைக் காலி செய்து, தொப்பியும் பூட்ஸும் தகரத் தட்டுமாக ஒரு சிறிய போர்க் காட்சிசாலை வைத்தார். அதன் நடுவே மாலை போட்டிருந்தது தம்பி சுருளிவேலின் படம். 'பர்மா ஆற்றங்கரையில் எதிரியைத் தடுத்து நின்று உயிர்விட்ட வீரன்' என்று கீழே எழுதியிருந்தது. சீனச் சண்டை முடிந்த கையோடு, தம்பியின் பெயரில் பெரிய ராணுவ வண்டி ஒன்று வாங்கி நிறுத்தப்போவதாகச் சொல்லி உண்டியல் ஏந்தினார். சின்னாளப்பட்டித் தறிக்காரர்களும் கொடுத்தார்கள். அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்று வந்தவர்களும் கொடுத்தார்கள். வண்டி வந்த மறுநாள் மாலை மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, எல்லோர் முன்னிலையிலும் வண்டியின் பின்கதவைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

வண்டி வந்த சேதி கேட்டுக் கூட்டம் கூடியிருந்தது. அதை விலக்கிக்கொண்டு சுருளிவேலின் மனைவி சோலையம்மாள் வந்தாள். கையில் செம்பு நிறையத் தண்ணீர்.

"மாமா, அவரை இன்னைக்காச்சும் கூப்பிடுங்க."

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடல் வராமல் தொலைவில் செத்தவனை மூத்தவன் மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். வந்தவனுக்குத் தலை குனிந்து தண்ணீர் வார்த்து, 'எங்களால் குறை இருந்தால் பொறுத்துப் போ' என்று வழியனுப்ப வேண்டும். வீரனுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே பொன்னுத்துரை இத்தனை காலம் தள்ளிப்போட்டிருந்தார். இப்போது பணம் கொடுத்த ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியவில்லை.

"சுருளிவேல்!" என்றார், அணிவகுப்பில் கூப்பிடும் குரலில். மறுபடியும் அழைத்தார். மூன்றாம் முறை அழைத்தபோது வண்டியின் அடியில் வில்பட்டை மெல்லக் கிறீச்சிட்டது. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

செம்பை வாங்கி நிமிர்ந்தபடியே தண்ணீரைக் கொட்டினார். "போதும்."

"சொல்ல வேண்டியதைச் சொல்லலையே, மாமா! தலையும் குனியல. பாதியில விடக் கூடாது."

"நம்ம குடும்பத்துல பொறுக்க வேண்டிய குறை ஒண்ணும் கெடையாது."

"சுபேதார் முதுகு சாமிக்கே வளையாது, செம்புத் தண்ணிக்கா வளையப் போகுது?" என்றாள் கூட்டத்திலிருந்த ஒச்சாயி. எல்லோரும் சிரித்தார்கள். சோலையம்மாள் மட்டும் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டியைக் கிட்டங்கிக்குள் தள்ளிவிட்டுப் பின்கதவில் பெரிய மாங்காய்ப் பூட்டைப் பூட்டினார் பொன்னுத்துரை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் தனியாக வந்தார். ஊர் முன்னால் திறக்கும் கதவு. அதற்கு முன் தாம் ஒரு முறை உள்ளே பார்த்துவிட வேண்டும். வெளியே தார்ச்சாலை உருகி நெளிந்தது, ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. கிட்டங்கிக்குள் சுவரில் ஊறிப்போன புகையிலை நெடியோடு, மாதக்கணக்கில் மழை காணாத அந்த ஊரில் எங்கிருந்தும் வர வழியில்லாத சேற்று வாடையும், அதன் அடியில் புண்ணுக்குப் போடும் மருந்தின் காரமும் கலந்து தொண்டையில் படிந்தன. வண்டி நேற்றைவிடத் தாழ்ந்திருந்தது.

உள்ளே நகத்தால் பலகையைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். எலி. எலியாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தச் சத்தத்தை அவர் முன்பே கேட்டிருந்தார். பர்மாவிலிருந்து பின்வாங்கிய நாளில், ஆற்றோரம் சேற்றில் புதைந்து நின்ற இதே மாதிரி வண்டிக்குள், இறந்துபோன இருவருக்கு நடுவே, காயமே இல்லாத தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தான் சுருளிவேல். துப்பாக்கியை எறிந்துவிட்டிருந்தான். "பயமா இருக்குண்ணே" என்றான். மற்றவர்கள் பார்த்தால் குடும்பத்தின் பெயர் அன்றோடு போய்விடும்.

"இங்கனயே இரு. சத்தம் போடாத. நான் வந்து தொறக்குறேன்."

வெளியே தாழ் போட்டதும் உள்ளே நகம் பலகையைச் சுரண்டியது. அவர் ஆற்றைக் கடந்தார். பாதி ஆறு கடக்கும்வரை தட்டும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இது அந்த வண்டி அல்ல. அது எப்போதோ துருவாகி ஆற்றோடு போயிருக்கும். இந்த மாதிரி வண்டிகள் ஆயிரம் உண்டு.

பூட்டைத் திறந்து, சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு படுக்கைச் சட்டங்கள். தூசி. கோடியில் மட்டும் ஒரு சுருள் கட்டுத்துணி. புத்தம் புதியது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அதிகாரியின் கண்ணில் அது படக் கூடாது. எடுத்துவிட வேண்டும்.

ஏறினார். வண்டி அசையவில்லை. அவர் பாரமே அதற்குத் தெரியாதது போல.

துணியைத் தொட்டார். ஈரம்.

அப்போது வண்டி எழும்பியது. மெல்ல. வில்பட்டைகள் பெருமூச்சு விட்டன. அவருக்குப் பின்னால் யாரோ இறங்கினார்கள்.

திரும்பினார். கதவு சாத்திக்கொண்டிருந்தது. ஓடினார். இருட்டு.

தாழ் விழுந்தது. பூட்டு கடக்கென்றது. இடுப்பைத் தடவினார். சாவி அங்கேயே இருந்தது.

வெளியே ஒரு குரல். அவருடைய குரல். இளமையான குரல்.

"இங்கனயே இரு. சத்தம் போடாத. நான் வந்து தொறக்குறேன்."

தட்டினார். கத்தினார். கை ஓயும்வரை தட்டினார்.

பிறகு நாயன ஓசை கேட்டது. செருப்புச் சத்தம். கைதட்டல். பூட்டு திறந்தது. வெளிச்சம் வந்து முகத்தில் அறைந்தது. அதிகாரி, ஒச்சாயி, ஊர் முழுக்க எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் அங்கே இல்லாதது போல, அவரைத் தாண்டிப் பார்த்தார்கள். பாய்ந்தார். திறந்த கதவின் நடுவே, வெறும் காற்றில், அவர் கை கண்ணுக்குத் தெரியாத பலகையில் மோதியது.

அதிகாரியின் பக்கத்தில் நின்றிருந்தார் சுபேதார் பொன்னுத்துரை. அதே நரைமீசை. அதே பதக்கங்கள். மாலை வாங்கக் குனிந்தார். சோலையம்மாளைப் பார்த்து இன்னும் கீழே குனிந்தார்.

"அடியாத்தீ, சுபேதார் முதுகு வளைஞ்சுருச்சே!" என்றாள் ஒச்சாயி. சோலையம்மாளின் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது.

கையூம் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "சுபேதாரய்யா, இது இன்னும் கதவுப் பக்கம் எறங்கித்தான் நிக்குது."

"இருபது வருசத்து இரும்புல்ல," என்றார் வெளியே நின்றவர். "சோந்து போயிருக்கும்."

கதவைச் சாத்தினார்.