வியாழக்கிழமை ஹம்ரோகான் எங்கே இருந்தாள்?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிடங்கைத் திறந்தபோது கண்காட்சிக்கான பட்டுத் துணியைக் காணவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுகூட வளையவில்லை. தாஷ்கண்டுக்கு அனுப்புவதற்காக எங்கள் கோக்தேபா ஆலைப் பெண்கள் குளிர்காலம் முழுக்க நெய்த அட்லஸ் பட்டு அது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி மட்டும் அலமாரியில் கிடந்தது.

சோவியத் காலம். ஆலைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்ட வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே, அவ்வளவுதான் சட்டம். இன்று அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எத்தனை சிரிப்பு, எத்தனை சண்டை அந்தக் கூரைக்குக் கீழே!

ஒன்பது மணிக்குக் கேப்டன் மாஹிரா வந்து இறங்கினாள். போலீஸ் சீருடை போட்டாலும் எங்கள் ஊர்ப் பெண்தான். உஸ்மா இலைச் சாறு தீட்டிய புருவம் இரண்டும் தொப்பிக்குக் கீழே ஒரே கோடாகச் சேர்ந்திருந்தன. முதலில் கிடங்குக்காரன் எர்காஷைக் கூப்பிட்டாள்.

“கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“நேத்துக் காலையில, கேப்டன். கையால தொட்டே பாத்தேன்.”

“சாவி?”

“என் இடுப்புலதான் இருக்கும். டீ குடிக்கிறப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன்.”

“அந்த நேரத்துல யாராவது வந்தாங்களா?”

எர்காஷ் குரலைத் தாழ்த்தினான். “சொல்லவே கூசுது. நம்ம ஹம்ரோகான். கிடங்குப் பக்கத்துலேருந்து வந்தா. கக்கத்துல ஒரு மூட்டை.”

“டீ அறை முற்றத்துக்கு அந்தக் கோடியில இருக்கு. பொம்பளைங்க எல்லார் தலையிலயும் முக்காடு வேற. அவதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“அந்தப் புருவம் போதாதா? ஆலையிலேயே அவ ஒருத்திதான் உஸ்மாவ அப்படி அப்பிக்கிட்டு வருவா. நேத்தும் அதே மாதிரி, மை கணக்கா இருந்துச்சு.”

ஒன்பதரை மணிக்கு ஹம்ரோகான் வந்தாள். ஆலையின் கைதேர்ந்த நெசவுக்காரி. அன்று முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. புருவங்கள் வெறுமையாக இருந்ததால் பத்து வயது கூடியவள் போலத் தெரிந்தாள்.

“நேத்துப் பகல்ல எங்க இருந்தீங்க?”

“பலகையில வில்லை தொங்குச்சே.”

“வில்லையைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்.”

ஹம்ரோகான் பக்கத்துத் தறிக்காரி இனோபத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். உள்ளே இருந்தேன் என்றால் திருடி. வெளியே இருந்தேன் என்றால் பொய் வில்லை, வேலை போய்விடும். பாவி மகள், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

மேலாளர் ரிசோலத் அதட்டினாள். அவள் குரல் கேட்டாலே ஆலைப் பூனைகூட ஒதுங்கும். “அவ திருட மாட்டா, கேப்டன்!”

“அப்ப நேத்து அவங்க உள்ள இல்லையா?”

“வில்லை தொங்குச்சு” என்றாள் ரிசோலத்.

மாஹிரா ஹம்ரோகானை வெளியே முசுக்கட்டை மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

“அக்கா, வீட்ல ஏதும் துக்கமா?”

“ஐயோ, வாயைக் கழுவுங்க! எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க.”

“அப்பன்னா எந்த டாக்டர்கிட்டப் போனீங்க?”

ஹம்ரோகான் பொலபொலவென்று அழுதுவிட்டாள். “உடம்புல ரத்தமே ஊற மாட்டேங்குது, தங்கச்சி. மாசத்துல ரெண்டு வியாழன் ஃபெர்கானாவுக்குப் போயி ஏத்திக்கறேன். நேத்து ஏத்தறப்ப நடுவுல குளிர் ஜுரம் வந்துடுச்சு, ராத்திரி வீட்டுக்கு விடல. காலையில பஸ்ஸப் புடிச்சு நேரா இங்கதான் வரேன்.”

“ஆஸ்பத்திரிச் சீட்டைக் குடுத்து லீவு எடுத்திருக்கலாமே?”

“ஒரு சீட்டு குடுத்தாப் போதும். டாக்டருங்க கமிஷன் முன்னால நிக்க வச்சு, நோயாளின்னு முத்திரை குத்தி, தறிய விட்டு எறக்கிடுவாங்க. வாசல்ல உக்காந்து வில்லை எண்ணச் சொல்லுவாங்க. அந்தத் தறி சத்தம் இருக்கறதாலதான் நான் எந்திரிச்சு நடமாடறேன். அதையும் புடுங்கிட்டா ரத்தம் ஏத்தி என்ன பிரயோஜனம்?”

மாஹிரா ஆலைத் தொலைபேசியில் ஃபெர்கானாவை அழைத்தாள். முந்தின நாள் காலையிலிருந்து ஹம்ரோகான் அங்கே படுக்கையில் இருந்தது உண்மை என்றார் டாக்டர். எர்காஷின் வீட்டுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் கிளம்பினார்கள்.

பதினொரு மணிக்கு எல்லோரும் நெசவுக்கூடத்தில் கூடினார்கள். தறிகள் நின்றிருந்தன.

“எர்காஷ் அண்ணே, பட்டை எடுத்தது நீங்க” என்றாள் மாஹிரா.

“கேப்டன்! என் பிள்ளைங்க மேல ஆணையா—”

“பிள்ளைங்களை விடுங்க. நேத்து ஹம்ரோகான் அக்காவோட புருவம் எப்படி இருந்துச்சு?”

“சொன்னேனே, உஸ்மாவோட...”

கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஹம்ரோகானின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி, “அடப்பாவி!” என்றாள்.

“என் புருவத்தைப் பாருங்க. செவ்வாய்க்கிழமை தீட்டினது, இன்னும் அப்படியே இருக்கு. நேத்து இருந்த உஸ்மா இன்னிக்கு எங்க போகும்?” என்றாள் மாஹிரா. “நம்ம பொம்பளைங்க உஸ்மா இல்லாம வெளியில போறது ரெண்டு எடத்துக்குத்தான். ஒண்ணு எழவு வீடு. இன்னொண்ணு, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு முகத்தைப் பாத்துக் கண்டுபுடிக்கிற டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்காக அக்கா புதன்கிழமை ராத்திரி எண்ணெயும் சோப்பும் போட்டுத் தேச்சு எடுப்பாங்க. வியாழன் சாயந்தரம் திரும்பவும் தீட்டிக்குவாங்க. அதனால உஸ்மா இல்லாத முகத்தை நீங்க ஒரு நாளும் பாத்ததில்ல. அவங்களுக்குப் பதிலா வேற ஆள் வில்லை மாட்டறதை மட்டும் பாத்திருக்கீங்க. எங்க போனேன்னு அவங்களால சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சு, பழியைத் தூக்கி அவங்க தலையில போட்டீங்க.”

அதற்குள் போலீஸ்காரர்கள் பட்டுடன் திரும்பினார்கள். எர்காஷின் மகளுடைய கல்யாணச் சீருக்கு அடுக்கியிருந்த மெத்தைகளுக்கு நடுவில் அது சுருண்டு கிடந்ததாம். எர்காஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மாஹிரா தொப்பியைச் சரிசெய்தாள். “பட்டு கிடைச்சது. வில்லை விவகாரம் என் வேலை இல்ல” என்று சொல்லிக் கிளம்பினாள்.

ஆனால் அது ரிசோலத்தின் வேலை. ஹம்ரோகான் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வில்லையை மாட்டினது யாருடி?” என்றாள் ரிசோலத்.

இனோபத் முன்னால் வந்தாள். “நான்தான்க்கா. அவ தறிய ஓட்டினதும் நான்தான். என்னைத் தூக்குங்க, அவளை விட்டுடுங்க.”

“பெரிய தியாகி! நெசவுல உன் கை இறுக்கம். வியாழக்கிழமைத் துணியைத் தொட்டாலே எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

“அப்ப ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்க. சொன்னா நான் மேல எழுதணும்.” ரிசோலத் ஹம்ரோகானிடம் திரும்பினாள். “அங்க யாரு கூட இருக்கா?”

“யாருமில்லக்கா. தனியாத்தான் போறேன்.”

“தனியாவா? ஜுரத்துல கெடந்தப்ப ஒரு வாய் டீ குடுக்க ஆள் இல்ல?”

ஹம்ரோகான் இல்லையென்று தலையாட்டினாள்.

ரிசோலத் வேறெங்கோ பார்த்துத் தொண்டையைச் செருமினாள். “நீ அடுத்து போற அன்னிக்கு எனக்கும் ஃபெர்கானாவுல ஆலை வேலை இருக்கு. உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு எழுதிக்கறேன். என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தறியை ஓட்டுங்கடி!”

ஃபெர்கானாவில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த வியாழன் விடிகாலையில் ஹம்ரோகான் பஸ்ஸில் ஏறியபோது, ரிசோலத் ஜன்னல் ஓர இருக்கையில் தன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருந்தாள்.