தலைமாட்டில் நிற்பவர்

கதையில் ஓர் ஆள் கூடிப்போயிருந்தார். முதலில் அவ்வளவுதான்.

வேதத்தை மொழிபெயர்க்கிற அவளுடைய வேலையில் ஒரு வழக்கமான சோதனை உண்டு. அந்த ஆற்றோர மலைக்காட்டு மக்களின் பேச்சில் சுவிசேஷத்தின் ஒரு பகுதியை எழுதி முடித்ததும், அதை முன்பின் கேட்டிராத ஒருவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவாள்; கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எதை விட்டார், எதைக் கூட்டினார் என்று பார்த்தால் மொழிபெயர்ப்பில் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். அன்று வாசித்தது, செத்துப்போன சிறுமியை ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பிய பகுதி. கேட்க வந்தவள் மீன்காரி, வாய் ஓயாதவள். அப்பா, அம்மா, ஆண்டவர், கூட வந்த சீடர்கள் என்று அறையில் இருந்தவர்களை எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, பெண்ணின் தலைமாட்டில் நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டாள்.

அப்படி யாரும் இல்லையே என்றதற்கு மீன்காரி சிரித்தாள். சாகக் கிடக்கிறவர் தலைமாட்டில் அவர் நிற்காத வீடு எங்கே இருக்கிறது? கதை சொல்கிறவர்தான் அவருக்கு இடம் சொல்ல வேண்டும், சொன்னால் பேசாமல் அந்தக் கதைக்குள்ளேயே நின்றுகொள்வார் என்றாள். அடுத்து வந்த படகுக்காரரும் அவரைச் சேர்த்துத்தான் சொன்னார். அதற்கடுத்து வந்த பிள்ளைத்தாச்சியும் அப்படியே, பேசிவைத்துக்கொண்டு வந்த மாதிரி.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாரு, பாத்துக்கோ" என்று கேலி செய்தார். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் வேதத்தில் ஒரு புள்ளியைக் கூட்ட அவளுக்கு ஏது உரிமை? சாவு வருகிற பகுதிகளில் எல்லாம் அவர்கள் அவரைக் கொண்டுவந்து நிறுத்த, அவள் பொறுமையாகத் திருத்திக்கொண்டே போனாள். அவர் இல்லை. இங்கேயும் இல்லை. மறுபடி சொல்லுங்கள். ஒருவழியாக அவர்களும் அவரை விட்டுவிட்டுச் சொல்லப் பழகினார்கள். பழகினார்கள் என்று பேச்சுக்குச் சொல்லலாம். குரலை இறக்கி, அவசர அவசரமாகச் சொல்லி முடித்து, எழுந்து ஓடினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். கடைசியாக மீன்காரி வந்த அன்று வாசற்படி ஏறவில்லை.

"எல்லாக் கதையிலேருந்தும் அவரை வெளிய அனுப்பிட்டீங்கக்கா. இப்ப அவரு எங்க போய் நிப்பாரு?"

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டு பெற்ற ஒரே பிள்ளை. கைவசம் இருந்த மாத்திரைக்குக் காய்ச்சல் மசியவில்லை. வீட்டுக்காரர் ஊசிமருந்து வாங்கக் காலையிலேயே படகெடுத்துக்கொண்டு ஆற்றோடு இறங்கிப் போயிருந்தார்.

பட்டப்பகல். ஆனால் மழை இருட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தகரக் கூரையில் இரைகிற மழைக்கும், ஈரப் பலகைச் சுவரின் வாசத்துக்கும், பிள்ளையின் நெஞ்சில் தேய்த்த தைலத்தின் நெடிக்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. வெகுநாள் தண்ணீரில் ஊறிக்கிடந்த துணியின் வாடை. கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். அதில் இல்லை. குட்டியின் தலைமாட்டுப் பக்கம் குனிந்தால்தான் அடித்தது.

வெந்நீர் எடுத்து வர அடுக்களைக்குப் போய்த் திரும்பினால், பிள்ளை பாயில் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தாள், கால் சுவர்ப்பக்கம். தூக்கி நேராகப் படுக்கவைத்தாள். துணி நனைத்துக்கொண்டு வருவதற்குள் மறுபடி திரும்பிக் கிடந்தாள்.

"ஏன் கண்ணு இப்படிப் புரளுற?"

"தலைமேல சொட்டுதும்மா."

அண்ணாந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. தலையணை நனைந்திருந்தது.

 பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தாள். தரைப் பலகை கிரீச்சிட்டது. அவள் காலடியில் ஒன்று. பின்னால் ஒன்று. நின்றாள். பின்னால் இன்னும் ஒன்று.

பிறகு நின்றது.

ஜெபிக்க வாய் திறந்தாள். எத்தனையோ பேருக்கு ஜெபித்த வாய். இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. குட்டியைக் கீழே கிடத்தினாள். மூச்சு வந்தது. நெடுநேரம் கழித்து அடுத்தது வந்தது. என் பிள்ளை போய்விடுவாள் என்று அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாளே பாவி.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மக்களின் பேச்சில் கதை சொல்லத் தொடங்கினாள். ஒரு வீடு. வெளியே மழை. உள்ளே ஓர் அம்மாவும் ஒரு பிள்ளையும் இருந்தார்கள். அவர் வாசலில் நிற்கிறார் என்றாள்.

பலகை அசையவில்லை. வாடை நகரவில்லை.

ஆற்றில் நிற்கிறார் என்று சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆற்றில் வீட்டுக்காரர் இருந்தார்.

அடுத்த மூச்சு வரவில்லை. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. அவர் தலைமாட்டில்தான் நிற்பார், வேறெங்கும் நிற்கமாட்டார். யாருடைய தலைமாடு என்பதைத்தான் கதை சொல்கிறவள் சொல்ல வேண்டும்.

"அம்மாவோட தலைமாட்டுல நிக்கிறாரு."

பலகை ஒருமுறை கிரீச்சிட்டது. வாடை அவள் முகத்தைத் தடவிக்கொண்டு பின்னால் போனது.

குட்டி இரைந்து மூச்சிழுத்தாள். இன்னொரு மூச்சு. நெற்றி முத்து முத்தாக வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு குளிர்ந்து, கண் திறந்து, தண்ணீர் கேட்டாள். அம்மா அழுதுகொண்டே டம்ளரை வாயில் வைத்தாள். அதைவிட வேறென்ன வேண்டும் அவளுக்கு. பிள்ளை மடக் மடக்கென்று குடித்தாள். கண் மட்டும் டம்ளரின் விளிம்பைத் தாண்டி, அம்மாவின் முகத்தைத் தாண்டி, மேலே போய் நின்றது.

"அம்மா, அவரு ஏன் குனியுறாரு?"

அம்மா திரும்பவில்லை. நெற்றியில் ஈர முடிக்கற்றை ஒன்று வந்து விழுந்து, மெதுவாக மூக்குவரை இறங்கிச் சொட்டியது. அவள் தன் முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள்.