காணாமல் போன ஒன்பதாம் தேதி

"அக்கா, அம்மாவோட நாளை யாரு எடுத்துட்டுப் போனாங்க?"

நெல்லோ இப்படிக் கேட்டபோது ஒர்சோலா உரித்துக்கொண்டிருந்த கஷ்கொட்டை நழுவி அடுப்புச் சாம்பலில் விழுந்தது. அவள் அதை எடுத்து ஊதினாள். சாம்பல் போன பிறகும் ஊதிக்கொண்டே இருந்தாள். தம்பிக்கு ஐந்து வயது. அவளுக்குப் பதினொன்று. தான் பெரியவள், பதில் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். 1582-ஆம் ஆண்டு அக்டோபரில், இத்தாலியின் அந்தச் சின்ன மலையூருக்கு மழையோடு ஒரு செய்தியும் வந்து சேர்ந்தது. பாதிரியார் அதைக் கோயிலில் எல்லார் முன்னாலும் சொன்னார். இத்தனை காலமாக நாள்காட்டி சூரியனுக்குப் பின்தங்கியே நடந்து வந்திருக்கிறதாம். அதைச் சரிசெய்ய, ரோமில் இருக்கும் போப்பாண்டவர் பத்து நாட்களை நீக்கிவிட்டாராம். இந்த வியாழக்கிழமை நான்காம் தேதி. மறுநாள் வெள்ளிக்கிழமை பதினைந்தாம் தேதி!

"பத்தாம் தேதி வாக்குல பிரசவம் ஆகும்னு மருத்துவச்சி சொன்னா" என்று ரொட்டிக்கடை ஜிலியோலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப அந்தத் தேதியே கிடையாதாம். இவன் உள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான்!"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். ஒர்சோலா மட்டும் ரொட்டியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வந்துவிட்டாள்.

அவளுடைய அம்மா போன வருடம் அக்டோபர் ஒன்பதாம் தேதி காய்ச்சலில் இறந்துபோனாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்த தேதி மறுவருடம் திரும்பி வரும்போது, சாயங்காலம் அவருக்காகக் கோயில் மணியை ஒரே ஒரு முறை அடிப்பார்கள். அந்த ஓசையைக் கேட்டு அவர் தன் வீட்டுக்கு வழி கண்டுபிடித்து வருவார் என்பது நம்பிக்கை. ஜன்னலில் ஒரு விளக்கும் ஒரு கிண்ணம் கஷ்கொட்டைக் கஞ்சியும் வைத்து, கதவைத் திறந்து போட்டுக் காத்திருப்பார்கள்.

நெல்லோ கோடைக்காலம் முழுவதும் அந்தச் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தான். முதல் பல் விழுந்தபோது அதைத் தூக்கிப்போட மறுத்து, ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டான். "அம்மா வந்ததும் காட்டணும்" என்று சொல்லிவிட்டான்.

அப்பாவோ காட்டில் கரி சுடுகிறவர். சனிக்கிழமைதான் மலையிலிருந்து இறங்குவார். அதனால் புதன்கிழமை ஒர்சோலாவே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதிரியாரிடம் போனாள்.

"இல்லாத தேதிக்கு நான் எப்படிம்மா மணி அடிக்கச் சொல்றது?" என்றார் அவர். "நவம்பர்ல இறந்தவங்க எல்லாருக்கும் ஒரு பொது நாள் வருதே. அன்னிக்கு உங்கம்மாவும் வருவா."

"அன்னிக்கு எல்லார் வீட்டு ஆளுங்களும் வருவாங்களே, சாமி" என்றான் நெல்லோ. "அவ்வளவு பேருக்கு நடுவுல எங்கம்மா எப்படி வழி கண்டுபிடிப்பா? அவளுக்குக் கூட்டம்னாலே பயம்."

பாதிரியார் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் தெருப் பையன்கள் வம்புக்கு இழுத்தார்கள். "டேய் பொக்கைவாயா! நாளன்னிக்கு உன் பல்லுக்குப் பத்து நாள் வயசு கூடிடும்டா!"

நெல்லோ அழவில்லை. துணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் அழுதிருந்தால்கூட ஒர்சோலாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் அவள் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தபோது கோயில் மணி அடித்தது. மூன்று அடி. சற்று நேரம் அமைதி. மறுபடி மூன்று அடி. மறுபடி அமைதி. கடைசியாக மூன்று.

அந்த ஊரில் நாள் முடிவது நள்ளிரவில் அல்ல, இந்த மணியோடுதான். அடிக்கத் தொடங்கும்போது இன்று. அடித்து ஓயும்போது நாளை.

ஒர்சோலா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வாளித் தண்ணீர் தளும்பிக் காலை நனைத்தது. அவள் வாளியை அங்கேயே வைத்துவிட்டு மணிக்கூண்டை நோக்கி ஓடினாள்.

மணியடிக்கும் பர்த்தோலோ கோபக்காரர். அவர் வீட்டில் அடுப்பு எரிந்து ஒரு வருடமாகிறது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவர் அப்போது படியில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்குச் சாயங்காலம் நீங்க மணி அடிக்க ஆரம்பிக்கும்போது என்ன தேதி?"

"நாலு."

"அடிச்சு முடிக்கும்போது?"

"பதினஞ்சு. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். போடி, போய் வேலையைப் பாரு."

"அப்படின்னா நடுவுல இருக்கற பத்து நாளும் உங்க மணிக்குள்ளதானே மாமா போகுது?"

பர்த்தோலோ மெல்லுவதை நிறுத்தினார்.

"ரெண்டாவது மூணு அடிச்சிட்டு நிறுத்துவீங்களே, அந்த இடத்துல ஒண்ணே ஒண்ணு. எங்கம்மாவுக்கு. தம்பி பல்லை வச்சுக்கிட்டுக் காத்துட்டிருக்கான், மாமா."

"ஒண்ணு கூட அடிச்சா ஊரே என் சட்டையைப் பிடிக்கும். அடிக்கச் சொன்னது யாருன்னு பாதிரியார் கேட்பார். முடியாது."

ஒர்சோலா திரும்பி நடந்தாள். நான்கு எட்டு வைத்தவள் நின்றாள். போன வருடம் அம்மாவுக்கு இரண்டு நாள் முன்னால், அதே காய்ச்சலில் இறந்தவள் தீத்தா. பர்த்தோலோவின் மகள். ஒர்சோலாவோடு கூழாங்கல் விளையாடியவள்.

"தீத்தாவோட நாளும் அதுக்குள்ளதான் இருக்கு, மாமா" என்றாள் மெதுவாக.

பர்த்தோலோ எழுந்து உள்ளே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். ஒர்சோலா கஞ்சி காய்ச்சினாள். இருட்டத் தொடங்கியதும் விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்தாள். சற்று யோசித்துவிட்டு இன்னொரு கிண்ணமும் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றான் நெல்லோ.

"தீத்தாவுக்கு. அவங்க வீட்டுல கஞ்சி வைக்க ஆளில்ல."

"மாமா மணி அடிப்பாரா, அக்கா?"

"தெரியலடா."

நெல்லோ முடிச்சை அவிழ்த்துப் பல்லை அம்மாவின் கிண்ணத்தருகே வைத்தான். கதவைத் திறந்துவிட்டு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். குளிர்ந்தது.

மணி அடித்தது. மூன்று. அமைதி. மூன்று. அமைதி.

அந்த அமைதி நீண்டது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒர்சோலா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாண்.

"அம்மா!" நெல்லோ துள்ளி எழுந்தான்.

"இல்லடா, இரு. இது ஏழாம் தேதி. தீத்தா வர்றா."

மறுபடி அமைதி. ஈரக் காற்று வீசி விளக்கின் சுடர் படுத்தது. இனி அடிக்க மாட்டாரோ? தன் மகளுக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிட்டாரோ?

டாண்.

"இது ஒன்பது" என்றாள் ஒர்சோலா. "இதுதான்டா."

நெல்லோ திறந்த கதவையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. மழை மட்டும் பெய்தது. ஆனாலும் அவன் பல்லை எடுத்து, இருட்டை நோக்கி உயர்த்திக் காட்டினான். ரொம்ப நேரம் காட்டினான்.

"பார்த்துட்டா" என்று சொல்லிவிட்டு அக்காவின் மடியில் தலை வைத்துக்கொண்டான்.

பிறகு கடைசி மூன்று அடிகளும் கேட்டன. தேதி பதினைந்து ஆனது.

கொஞ்ச நேரத்தில் பர்த்தோலோ தெருவில் இறங்கி வந்தார். தொப்பியிலிருந்து நீர் சொட்டியது. அவர்களைப் பார்க்காமல் கடந்து போனவர், ஜன்னலில் இருந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது தீத்தாவுக்கு, மாமா" என்றான் நெல்லோ.

அவர் தொப்பியைக் கழற்றினார். கிண்ணத்தின் விளிம்பை ஒரு விரலால் தொட்டார். கஞ்சி இன்னும் சூடாகத்தான் இருந்தது. மழை நனைக்காதபடி அதை விளக்குக்குப் பக்கத்தில் இன்னும் சற்று உள்ளே தள்ளி வைத்தார்.

பிறகு தொப்பியைக் கையில் பிடித்தபடியே மழையில் நடந்து போனார்.