முன்னால் போகும் சக்கரம்

முன்னால் போன சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை.

போ-ஷெங் அதைத் தாமதமாகத்தான் கவனித்தான். தைவானின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடக்கிலிருந்து முகத்தில் அறையும் காற்றிலும் மூக்குக்கண்ணாடியில் வழியும் மழையிலும், சைக்கிள்காரன் ஒன்றைத்தான் பார்ப்பான்: முன்னால் போகிறவனின் பின்சக்கரம். ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டால் காற்றையெல்லாம் அவன் வாங்கிக்கொள்வான். பத்து நிமிடம் போனதும் முழங்கையை அசைத்து விலகி, முன்னிடத்தைக் கொடுப்பான். அதுதான் மரியாதை.

யௌ-டிங் இருபது நிமிடமாக விலகவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் அப்படித்தான். ஐம்பது வயதில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பியது இருவரும். ஞானம் பெற்றது அவன் மட்டும். ஒவ்வொரு மாலையும் நனைந்த கூடாரத்தைப் படமெடுத்து, ‘மழையே என் குரு’ என்று எழுதி இணையத்தில் போடுவான். ஐந்நூறு இதயங்கள் விழும். முதல் இதயம் போ-ஷெங்கின் மனைவியுடையது.

மதியம் கடையில் வைத்துக்கூடச் சொன்னான்: “நேத்துப் போட்ட படத்த உன் வீட்டுக்காரி பெருசா கேக்குறாடா. சட்டம் போட்டு மாட்டணுமாம்.”

“உன் மூஞ்சியையா?”

“பயப்படாத. ஓரத்துல உன் முழங்கையும் இருக்கு.”

போ-ஷெங் கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது யௌ-டிங்கின் சிவப்பு மழைக்கோட்டு சாலையில் போய்க்கொண்டிருந்தது. காத்திருக்கவில்லை. வயிறு எரிய, மூச்சு வாங்கத் துரத்திப் பிடித்து ஒட்டிக்கொண்டவன்தான்.

‘ஐயா ஓட்டினால் தண்ணீர்கூடத் தெறிக்கக் கூச்சப்படும்போல’ என்று முனகினான்.

சக்கரம் வலப்பக்கம் திரும்பியது. பழைய கடற்கரைப் பாதை. புதுச்சாலை வந்தபின் கைவிடப்பட்டது, தாரைப் பிளந்து புல் முளைத்தது. படமெடுக்க இடம் தேடுகிறான் என்று போ-ஷெங் பின்னாலேயே திரும்பினான். காற்றின் இரைச்சல் அடங்கியது. பல நாள் மூடிக்கிடந்த மீன்பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாடை, அதற்கடியில் செத்தவர்களுக்காக எரிக்கும் காகிதத்தின் வாசம். சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு சங்கிலி. அவனுடையது.

காதுக்குள் போன் ஒலித்தது.

“எங்கடா போய்த் தொலஞ்ச?” யௌ-டிங்கின் குரல். “உனக்கும் சேத்து முட்ட வாங்கிட்டு வந்தா ஆளக் காணோம். அர மணி நேரமா கடை வாசல்லயே நிக்கிறேன்.”

முன்னால் இருந்தவனின் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருந்தன. கையுறை இல்லை. விரல்கள் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன.

“நீ... கடையிலயா இருக்க?”

“பின்ன, அரண்மனையிலயா? உன் வீட்டுக்காரி கூப்ட்டா. நீ முன்னாடி பறந்துட்டன்னு சொல்லி வச்சிருக்கேன். ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு? எங்க இருக்கன்னு சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்.”

கூட்டிக்கொண்டு போவான். இன்று மாலையே படம் போடுவான்: ‘வழி தவறிய நண்பனை மீட்டேன்.’ முதல் இதயம் விழும்.

“வேண்டாம். நான் முன்னாடிதான் இருக்கேன். நீ மெதுவா வா.”

இணைப்பைத் துண்டித்தான்.

மிதிப்பதை நிறுத்தினான். சக்கரம் அதே ஒரு சாண் தூரத்தில். பிரேக்கை லேசாகப் பிடித்தான். அதே ஒரு சாண். திரும்பிவிடலாம் என்று கைப்பிடியை ஒடித்தான். பாதையும் சேர்ந்து ஒடிந்தது.

அப்போது அந்த முழங்கை அசைந்தது.

சிவப்புக் கோட்டு விலகி வழிவிட்டது. மூன்று நாளாக அவன் ஏங்கிய இடம். முன்னால் யாருமில்லை.

பாதையும் இல்லை.

தார் உடைந்து தொங்கியது. கீழே சாம்பல் நிற அலை. இரண்டு பிரேக்கையும் இறுக்கினான். டயர் வழுக்கியது. வழுக்கியது. நின்றது. விளிம்பிலிருந்து ஒரு முழம். காலை ஊன்றினான்.

‘நின்றுவிட்டேன்.’

முதுகில் ஒரு உள்ளங்கை பதிந்தது. ஏற்றத்தில் களைத்தவனைத் தள்ளிவிடும் நண்பனுடையது போல, இதமாக.

பக்கத்தில் இன்னொன்று.

அதன் கீழே இன்னொன்று. சின்னது.