மெல்ல வெந்த கறி

"சார், சாயங்காலத்துக்குள்ள என்னைக் கைது பண்ணிடுவாங்க."

சொல்லிக்கொண்டே நர்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. விழுந்து கிடந்த பெரியவரின் தலையைத் தாங்கியபோது பட்ட ரத்தம்.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளரின் சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது. 'நிதானம்' என்றால்தான் தெரியும். பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி போட்டோக்காரர் நேர் எதிர். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார் நிதானம்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை மாடி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது நர்ஸின் வேலை. இன்று மதியம் பெரியவரின் மகன் மாடிக்கு வந்து, "மருந்து வாங்கிட்டு வாங்க, அப்பாவை நான் பாத்துக்கிறேன்," என்று அனுப்பியிருக்கிறார். மருந்துக்கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்தால், படிக்கட்டின் அடியில் பெரியவர் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார்.

"'நான் மாடிக்கே போகலை, அவளை எங்கயும் அனுப்பலை, அவதான் தள்ளி விட்டிருக்கா'ன்னு பெரியவரோட மகன் போலீஸ்ல சொல்லிட்டார் சார். ஆஸ்பத்திரியில பெரியவர் கண் முழிக்கலைன்னா என் பேச்சை யார் நம்புவா? கொலைகாரின்னு பேர் வந்துட்டா என் பொழப்பே போச்சு!"

நிதானம் செருப்பைத் தேடினார். போட்டோக்காரர் அதற்குள் தெருவில் இருந்தார்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே பூண்டும் மிளகும் இறைச்சியும் சேர்ந்த வாசனை மூக்கைத் துளைத்தது. கூடத்தில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். மகன் சோபாவில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நர்ஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் நிதானம்.

"சமையலறையிலதான் சார். காலையில என் பொண்டாட்டி வேலைக்குப் போறப்போ ஸ்லோ குக்கர்ல பன்றிக்கறி வச்சிட்டுப் போனா. அதைப் பாத்துக்கிட்டு அங்கயே நின்னேன். அப்பப்போ மூடியைத் திறந்து புரட்டி விட்டேன். தண்ணி வத்திக்கிட்டே இருந்தது, ரெண்டு மூணு தடவை ஊத்தினேன். இல்லைன்னா அடிப்பிடிச்சுக் கருகியிருக்கும். புகை விசிறி சத்தத்துல மாடியில நடந்தது எனக்குக் கேட்கவே இல்லை."

"திறந்ததும் என்ன தெரிஞ்சுது?"

"கறி கொதிக்கிறது தெரிஞ்சுது. வேற என்ன தெரியும்?"

"பாவம், பொறுப்பான மனுஷன்," என்று போட்டோக்காரர் காதைக் கடித்தார். நர்ஸின் முகம் வெளுத்தது. நிதானம் சமையலறைக்குள் போனார்.

மின்சாரத்தில் மணிக்கணக்காக மெல்ல வேக வைக்கும் அந்தக் கனமான பீங்கான் பானை இன்னும் மெல்லிய சூட்டில் இருந்தது. போட்டோக்காரருக்குப் பசி. கண்ணாடி மூடியைத் தூக்கினார். அடியில் வெள்ளிக் காகிதம் ஒன்று பானையின் விளிம்பைச் சுற்றி இறுக்கி மடிக்கப்பட்டிருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல். அதைக் கிழித்தபோது ஆவி குபுக்கென்று எழுந்து விரலைச் சுட்டது.

"ஐயோ!"

"ஆளைப் பார், கறியைப் பார்," என்றார் நிதானம். ஆனாலும் தடுக்கவில்லை.

முள்கரண்டி பட்டதும் இறைச்சி எலும்பை விட்டு நார் நாராகப் பிரிந்தது. வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இல்லை. நிதானம் குனிந்து பார்த்தார். கெட்டியான சாறு, இறைச்சியின் பாதி உயரத்துக்குத்தான் நின்றது.

அப்போது வாசலில் வண்டி நின்றது. மருத்துவமனையிலிருந்து மருமகள் துணி எடுக்க வந்திருந்தார். "மாமா இன்னும் கண் திறக்கலை," என்றார் எல்லோருக்கும் பொதுவாக.

நிதானம் அவரைக் கூடத்திலேயே நிறுத்தினார். "அம்மா, இந்தக் கறியை எப்படி வச்சீங்க?"

"இப்போ இதுவா முக்கியம்?"

"இதுதாம்மா முக்கியம்."

மருமகள் எரிச்சலோடு சொன்னார்: "உப்பு, மிளகு, பூண்டு தடவி, அரை டம்ளர் தண்ணி ஊத்தி, மேல வெள்ளிக் காகிதத்தை இறுக்கி மடிச்சு, மூடி வச்சேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை திறந்தாலும் சூடு போயிடும், கறி ரப்பர் மாதிரி ஆயிடும்."

"நடுவுல தண்ணி ஊத்தணுமா?"

"எதுக்கு? கறியே தண்ணி விடுமே. இந்தப் பானையில தண்ணி வத்தவே வத்தாது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு மூணு தடவை தண்ணி ஊத்தினாராம்," என்றார் நிதானம். "ஊத்தியிருந்தா கறி முழுகியிருக்கும், சாறு நிக்கிறது பாதி உயரம்தான். திறந்து திறந்து புரட்டினாராம். கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு. எல்லாத்துக்கும் மேல, நீங்க மடிச்ச காகிதம் மடிச்சபடியே இருந்தது. முதல்ல கிழிச்சது எங்க போட்டோக்காரர், விரலைப் பாருங்க. கண்ணாடி மூடி வழியாவே தெரியிற காகிதத்தைக்கூட உங்க வீட்டுக்காரர் பார்க்கலை. சமையலறைப் பக்கமே போகாத ஒருத்தர், அடுப்புல வச்ச சட்டியை நினைச்சுக்கிட்டுப் பொய் சொல்லியிருக்கார்."

மகன் சோபாவிலிருந்து எழப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு டீ போட்டதில்லை நீங்க," என்றார் மெதுவாக. "அங்க இல்லைன்னா எங்க இருந்தீங்க?"

அதற்கு மேல் மகனால் தாங்க முடியவில்லை. "முதியோர் இல்லத்துல இடம் பேசி வச்சிருந்தேன். நீயும் நர்ஸும் இருந்தா விட மாட்டீங்க. அதான் அவங்களை அனுப்பினேன். அப்பா வரமாட்டேன்னார். கையைப் பிடிச்சு இழுத்தேன். படியில உதறினார்... நான் தள்ளலை, சத்தியமா தள்ளலை!"

"கேஸ் போட இழுத்ததே போதும்," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். நர்ஸைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா," என்றார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகவில்லை. "ரொம்ப நேரமா ஒரே பக்கமா படுத்திருப்பார்," என்றார் மருமகளிடம். "திருப்பிப் படுக்க வைக்கணும். நான் வரட்டுமா?"

"நானும் வரேன். அப்பாவை ஒரு தடவை பாத்துடறேன்," என்றார் மகன்.

மருமகள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றார்.

"கண் முழிச்சதும் உங்க மூஞ்சியையா அவர் பார்க்கணும்?"

வண்டி கிளம்பிப் போயிற்று. மகன் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார்.